மலைக்கு ஒரு மைலேஜ்: கரியாலூர்ப் பக்கத்துச் சிறு வணிகரின் வண்டிக் கணக்கு

“பெட்ரோல் காசு கொடுத்தாச்சு.” சிறு கடை, சிறு தொழில் நடத்துபவர்கள் அன்றாடம் சொல்லும் வாக்கியம் இது. கடையில் வேலை பார்க்கும் பையன் தன் சொந்த பைக்கில் நிலுவை வசூலிக்கப் போகிறான், ஆர்டர் எடுக்கப் போகிறான், அவசரத்துக்கு ஒரு மூட்டையையும் ஏற்றிப் போய் இறக்குகிறான். மாலையில் முதலாளி நூறோ நூற்றைம்பதோ எடுத்துக் கொடுக்கிறார். கணக்கு நேராகிவிட்டது என்றுதான் இருவரும் நினைக்கிறார்கள். சமவெளியிலேயே இது அரைக் கணக்கு. கல்வராயன் மலையில் அந்த அரையும் தேறாது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை, நாடு விடுதலை அடைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் முழுமையாக வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறியவை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தபோது, முன்னே வந்து நின்ற குறைகளில் ஒன்று சாலை. வெள்ளிமலையும் கரியாலூரும் இந்த மலையின் கடைத்தெருக்கள். கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கமிருந்து ஏறும் வண்டிகள் மளிகை, உரம், சிமெண்ட் கொண்டுவருகின்றன. இறங்கும் வண்டிகளில் மரவள்ளிக் கிழங்கு, சாமை, கடுக்காய், புளி, பலாப்பழம் போகின்றன. வெயில் காலத்தில் பெரியார் அருவி, மேகம் அருவி பார்க்க வருவோரை நம்பி விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடக்கின்றன. இவை அத்தனையும் வண்டிச் சக்கரத்தில்தான் ஓடுகின்றன. அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருள உண்மையில் என்ன செலவாகிறது, அதை யார் சுமக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தூரம் ஒன்று, டீசல் வேறு

கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பேசி முடிப்பது எளிது. அந்தப் பேச்சுக்குள் சாலை சமமாக இருக்கிறது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. மலையில் அது பொய்த்துப்போகிறது.

ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டி 1,700 கிலோ, லோடு 1,300 கிலோ, மொத்தம் 3,000 கிலோ. அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைப்போம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 17.6 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சினிலும் கியரிலும் வீணானது போகச் சக்கரத்துக்கு 30 சதவீதம் வந்து சேர்ந்தால், லிட்டருக்குக் கிடைப்பது 10.8 மெகாஜூல். ஆக, உயரம் ஏறுவதற்கென்றே 1.6 லிட்டர் டீசல் எரிகிறது. சமதரையில் அதே தூரத்துக்கு ஆகும் டீசல் இதில் சேரவில்லை. இதே வண்டி காலியாக ஏறினால் இந்தக் கூடுதல் 0.9 லிட்டர்தான். அதே வண்டி, அதே சாலை, அதே டிரைவர். லோடு மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதை வைத்தே ஒரு நடைக்கு 0.7 லிட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. லிட்டர் 92 ரூபாய் என்றால் 65 ரூபாய். மாதம் 25 நடைக்கு 1,600 ரூபாயைத் தாண்டும்.

இறங்கும்போது எஞ்சின் டீசல் அதிகம் கேட்பதில்லை. ஆனால் ஏற்றத்தில் வாங்கிய ஆற்றல் இறக்கத்தில் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். பிரேக்கிலும் எஞ்சின் இழுவையிலும் சூடாகிப் போகிறது. கிழங்கு லோடோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு டீசலில் மிச்சமாவது பிரேக் ஷூவில் செலவாகிறது. அந்த மிச்சத்துக்கும் ஆசைப்பட்டு நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. எஞ்சின் இழுவை இல்லாமல் முழு எடையும் பிரேக்கில் விழுந்து, சூடேறிய பிரேக் பிடிக்காமல் போனால் உயிரே போகும். கூடவே, இன்றைய எஞ்சின்கள் பல, கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் டீசலைத் தாமே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்கு எரிக்கும். உயிரைப் பணயம் வைத்துச் சேமிப்பதாக நினைப்பது சேமிப்பே இல்லை.

சுவிட்சர்லாந்தில் பெரி என்ற ஊரின் சிமெண்ட் கல்குவாரியில் ஒரு மின்சார டம்பர் ஓடுகிறது. காலியாக மேலே ஏறி, லோடோடு கீழே இறங்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கும் ஆற்றல் பேட்டரிக்குப் போவதால், ஏறச் செலவழித்ததைவிட இறங்கும்போது அதிகம் சேர்க்கிறது என்பதால் அது பேசப்பட்டது. கல்வராயன் கிழங்கு லோடும் மேலிருந்து கீழே வருவதுதான். மலையூர்களுக்கு மின்சார வண்டி பற்றி யோசிப்பவர்கள் ஏற்றத்தை மட்டும் பார்த்துப் பயப்படாமல், லோடின் திசையையும் பார்க்கவேண்டும்.

பெட்ரோல் காசில் அடங்காதவை

கடைப் பையனின் பைக்குக்குத் திரும்புவோம். கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்கு. எண்களை அவரவர் தங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

90,000 ரூபாய்க்கு வாங்கிய 100 சிசி பைக் 60,000 கிலோமீட்டர் ஓடிய பின் 30,000 ரூபாய்க்கு விலைபோனால், தேய்மானம் கிலோமீட்டருக்கு 1 ரூபாய். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிச் சர்வீஸ் செய்ய 1,000 ரூபாய் என்றால் 33 காசு. டயர், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ மலைச்சாலையில் சீக்கிரம் தேயும். அதற்கு 60 காசு. இன்சூரன்ஸுக்கு 12 காசு. மொத்தம் 2 ரூபாய் 5 காசு. மலையில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் 101 ரூபாய் விற்றால், பெட்ரோல் 2 ரூபாய் 53 காசு. ஆக, கிலோமீட்டருக்கு உண்மைச் செலவு 4 ரூபாய் 58 காசு.

முதலாளி கொடுப்பது பெட்ரோல் காசு மட்டும். மீதி 2 ரூபாய் 5 காசை யார் கொடுக்கிறார்கள்? பைக்கின் சொந்தக்காரன். மாதம் கடை வேலையாக 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 2,050 ரூபாய் அவன் சம்பளத்திலிருந்து சத்தமில்லாமல் கழிகிறது. அன்றன்று தெரியாது. டயர் வழுவழுவென்று ஆகும்போதும், வண்டி டியூ முடிவதற்குள் எஞ்சின் வேலை வைக்கும்போதும்தான் தெரியும். அப்போது அது வண்டியின் கோளாறாகத் தெரியுமே தவிர, கடையின் கடனாகத் தெரியாது. முதலாளி வேண்டுமென்று ஏய்க்கவில்லை. செலவு அவர் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது.

முதலாளியே சொந்த வண்டி ஓட்டினாலும் இதே கதைதான். டீசலுக்குக் கொடுத்த பணம் கல்லாவிலிருந்து போனதால் தெரிகிறது. டயர், கிளட்ச் பிளேட், எஃப்.சி., இன்சூரன்ஸ், வண்டிக் கடன் வட்டி எல்லாம் வருஷத்தில் எப்போதோ வந்து விழுவதால் நடைக் கணக்கில் ஏறுவதில்லை. ஊரே ‘குட்டி யானை’ என்று கூப்பிடும் டாடா ஏஸ் 2005-இல் சந்தைக்கு வந்தபின் பல சிறு வணிகர்கள் சொந்த வண்டிக்காரர் ஆனார்கள். வாடகை மிச்சம் என்று வாங்கியதில் உண்மையிலேயே மிச்சமா என்பதை இந்தக் கணக்கைப் போட்டால்தான் சொல்லமுடியும்.

ஒரு விகிதத்தை யார் சொல்வது?

சில நாடுகளில் அரசே ஒரு விகிதம் சொல்லிவிடுகிறது. அமெரிக்க வருமான வரித் துறை ஆண்டுதோறும் வண்டிச் செலவை ஆய்ந்து மைலுக்கு ஒரு தொகை அறிவிக்கும். 2025-க்கு 70 சென்ட், 2026-க்கு 72.5 சென்ட். தேய்மானம், இன்சூரன்ஸ், பழுது, எரிபொருள் எல்லாம் அதற்குள் அடக்கம். பிரிட்டனில் 2011 முதல் பல ஆண்டுகள் சொந்தக் காருக்கு முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ், மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்ஸ் என்று இருந்தது. வணிகர் ஒவ்வொரு பில்லையும் சேர்த்துவைக்க வேண்டியதில்லை. ஓடிய தூரத்துக்குக் குறிப்பு இருந்தால் போதும்.

இந்தியாவில் தனியார் வணிகருக்கு அப்படி ஒரு பொது விகிதம் கிடையாது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு மட்டும், மாநிலப் போக்குவரத்துத் துறை விகிதம் நிர்ணயிக்காத இடங்களில், 2017-இல் சொந்தக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாயும் சொந்த ஸ்கூட்டருக்கு 12 ரூபாயும் வகுத்தது. நம் மாதிரிக் கணக்கின் 4 ரூபாய் 58 காசோடு இந்த 12 ரூபாயை ஒப்பிட்டால், பெட்ரோல் காசு எவ்வளவு குறைச்சலான பேரம் என்பது விளங்கும். அமெரிக்க விகிதமானாலும் அரசு விகிதமானாலும் அவை சராசரிகள். கள்ளக்குறிச்சித் தார்ச்சாலையும் மழைக்காலத்து மலைப் பாதையும் ஒரே சராசரிக்குள் போனால், மலையில் ஓடுபவர் எப்போதும் நஷ்டப்படுவார்.

வரி கேட்பதும் கேட்காததும்

இந்திய வருமான வரி கேட்பது செலவு உண்மையா, தொழிலுக்கு மட்டுமேயானதா என்பதை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, தொழிலுக்கென்றே முழுமையாகச் செய்த செலவைக் கழிக்க விட்டது. வண்டியைச் சொந்த வேலைக்கும் எடுத்தால், 38-ஆம் பிரிவின்படி அந்தப் பங்கு கழிவிலிருந்து குறையும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு செல்லாது. சரக்கு வண்டி வாடகைக்கு மட்டும் அந்த வரம்பு 35,000. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

கரியாலூர் அளவிலான கடைகளுக்கு அதிகம் பொருந்துவது உத்தேச வருமானத் திட்டம். ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் வங்கி, யுபிஐ வழி வந்ததில் 6 சதவீதத்தையும் வருமானமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு வரம்பு 3 கோடி. சரக்கு வண்டி வாடகைக்கு விடுபவருக்குத் தனித் திட்டம்: பத்து வண்டிக்குள் வைத்திருந்தால், கனரக வண்டி அல்லாத ஒவ்வொன்றுக்கும் மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று கொள்வார்கள். இந்தத் திட்டங்களில் டீசல் செலவைத் தனியாகக் கழிக்கமுடியாது. அதனால்தான் பலர் வண்டிக் கணக்கே எழுதுவதில்லை. “ஆடிட்டர் கேட்கமாட்டார், எதற்கு எழுதணும்?” ஆடிட்டர் கேட்கமாட்டார் என்பது சரி. ஆனால் மலையில் விற்கும் ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு என்ன விலை வைப்பது என்று வாடிக்கையாளர் கேட்பாரே, அதற்கு விடை அந்த நோட்டில்தான் இருக்கிறது. வண்டிக் கணக்கின் முதல் வேலை வரி அல்ல, விலை.

பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதையும் மறக்கக்கூடாது. ஜிஎஸ்டி பதிவு உள்ள வணிகர் மாதம் 20,000 ரூபாய்க்கு டீசல் போட்டாலும் உள்ளீட்டு வரி வரவு ஒரு பைசா கிடையாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டுக்குப் பின் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் மாநில வரி என்ற அமைப்பு நிலவியது. ரூபாயில் நிற்கும் பங்கு, சந்தை விலை இறங்கினாலும் இறங்காது. சரக்கு வண்டிக்கு வாங்கும் டயருக்கும் பழுதுக்கும் வரி வரவு உண்டு. 2025 செப்டம்பரில் டயர் ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகவும் குறைந்தது. ஆனால் பையனின் சொந்த பைக்குக்கு அவன் வாங்கும் டயரில் கடைக்கு எதுவும் வராது.

தொழிலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும் பணத்தைச் சம்பளத்தோடு கலக்காமல் தனியே காட்டுவது இரு தரப்புக்கும் நல்லது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பயணப் படியையும் வேலையின் தன்மையால் நேரும் சிறப்புச் செலவுக்குக் கொடுக்கும் தொகையையும் ஊதியம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. விலக்கப்பட்ட தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால்தான் மிகுதி ஊதியத்தோடு சேரும். ஊழியர் வண்டிச் செலவை முதலாளி ஏற்கும்போது பயணத் தேதி, போன இடம், ஓடிய தூரம், செலவு ஆகிய நான்கும் பதிவில் இருக்கவேண்டும் என்பதை 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளே காட்டியிருக்கின்றன. அந்த நான்கும் எந்தக் கடைக்கும் போதுமான தொடக்கம்.

நோட்டில் என்ன எழுதுவது

நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். தேதி, புறப்படும்போது மீட்டர், திரும்பியதும் மீட்டர், போன ஊர், என்ன காரியம், மேலே ஏற்றிய லோடு, கீழே இறக்கிய லோடு, போட்ட டீசல் லிட்டரில், தொகை, டிரைவர் பேட்டா. லோடுக்கு மேலே, கீழே என்று இரண்டு கட்டங்கள் வைப்பதுதான் மலைக்கென்று சேர்க்கும் மாற்றம். பங்க் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய கையோடு செல்போனில் படம் எடுத்து, மீட்டர் எண்ணைப் பக்கத்தில் குறித்துவைக்கவேண்டும். மலைக் கிராமங்களில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலுக்குப் பில் இருக்காது. உரிமம் இல்லாமல் பெட்ரோல் விற்பது 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்துக்கு மாறானதும்கூட. அவசரத்துக்கு வாங்க நேர்ந்தால், லிட்டரையும் விலையையும் நோட்டில் எழுதுவது ஒன்றே வழி.

மைலேஜை ஊகிக்காமல் அளக்க டேங்க் ஃபுல் முறைதான் நம்பகமானது. ஒரே பங்கில், நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி மீட்டரைக் குறிக்கவேண்டும். ஓட்டியபின் மறுபடி அதேபோல நிரப்பினால், இரண்டாவது முறை பிடித்த லிட்டர்தான் இடையில் எரிந்தது. மலையும் சமவெளியும் கலந்து ஓடினால் என்ன செய்வது? பள்ளியில் படித்த இரு மாறிச் சமன்பாடு இங்கே உதவும். முதல் நிரப்பலில் சமவெளி 300, மலை 200 கிலோமீட்டர் ஓடி 40 லிட்டர் ஆனது. அடுத்ததில் சமவெளி 100, மலை 400 ஓடி 46 லிட்டர். தீர்த்துப் பார்த்தால் சமவெளியில் லிட்டருக்கு ஏறத்தாழ 14.7 கிலோமீட்டர், மலையில் 10.2. இந்த வண்டிக்காரர் முதல் நிரப்பலை மட்டும் பார்த்து “என் வண்டி பன்னிரண்டரை கொடுக்கும்” என்று மலை வாடகை பேசினால், 100 கிலோமீட்டருக்கு 1.8 லிட்டர், அதாவது 165 ரூபாய் அளவுக்குக் கையை விட்டுப் போகும். சமவெளி வாடகையில் அது மீண்டும் வரலாம். அப்படியானால் அடிவாரத்து வாடிக்கையாளர் மலையின் செலவைக் கொடுக்கிறார் என்று பொருள்.

கிழங்கு வியாபாரிக்கு இதில் இன்னொரு நெருக்கடி உண்டு. கிழங்கை வாங்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’ பார்த்து விலை போடுகின்றன. தோண்டிய கிழங்கைக் கிடப்பில் போட்டால் பாயிண்ட் இறங்கும். டீசல் மிச்சம் பிடிக்க முழு லோடு சேரும்வரை காத்திருந்தால் விலையில் நஷ்டம். அரை லோடோடு புறப்பட்டால் வண்டிச் செலவு கிலோவுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. எந்த நஷ்டம் பெரிது என்பதை நடைக்கு ஆகும் உண்மைச் செலவு தெரிந்தவரே சொல்லமுடியும்.

விபத்து நேர்ந்தால்

சொந்த பைக்கில் சரக்கு ஏற்றி அனுப்பும் முதலாளிகள் இன்சூரன்ஸ் பாலிசியின் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற வரியை ஒருமுறை படிக்கவேண்டும். தனியார் வாகனத்துக்கான வழக்கமான பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதையும் சாம்பிள், சொந்தச் சாமான் தவிர்த்த சரக்கு ஏற்றுவதையும் விலக்குகிறது. மூட்டையோடு போகும்போது பைக் நொறுங்கினால் சேத ஈடு மறுக்கப்பட இடமுண்டு. பணியின்போது தொழிலாளிக்கு அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதை வகுத்தது; இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. வசூலுக்குப் போக பைக் சரி. சரக்குக்குச் சரக்கு வண்டி என்று பிரித்துவைப்பதே கணக்குக்கும் உயிருக்கும் காப்பு.

ஒரு சூத்திரம்

2017 ஜூன் முதல் எரிபொருள் விலை நாள்தோறும் மாறலாம் என்பதால், ஒரு தொகையை நிரந்தரமாகப் பேசிவைத்தால் யாராவது ஒருவர் ஏமாறுவார். தொகையைப் பேசாமல் சூத்திரத்தைப் பேசலாம். அன்றைய பெட்ரோல் விலையை அளந்த மலை மைலேஜால் வகுத்து, தேய்மானமும் பழுதும் சேர்ந்த 2 ரூபாய் 5 காசைக் கூட்டவேண்டும். பெட்ரோல் 101 என்றால் 4 ரூபாய் 58 காசு. 105 ஆனால் 4 ரூபாய் 68 காசு. சமவெளி வேலைக்கு மைலேஜ் எண்ணை மாற்றி வேறு விகிதம். வருஷத்துக்கு ஒருமுறை டயர், சர்வீஸ் விலைகளைப் பார்த்து அந்த 2 ரூபாய் 5 காசைத் திருத்தினால் போதும். எண் என்னவாக இருந்தாலும் முதலாளிக்கும் பையனுக்கும் ஒரே எண் தெரிந்திருக்கும்.

இதனால் கடைக்குச் செலவு கூடுமே என்று முதலாளி தயங்கலாம். கடை கொடுப்பது கூடும்தான். ஆனால் அந்தச் செலவு புதிதல்ல, ஏற்கெனவே இருக்கிறது. பையனின் டயரிலும் எஞ்சினிலும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கடையின் நோட்டுக்குக் கொண்டுவந்தால் சரக்கின் விலை சரியாக நிற்கும், எந்த ஊருக்கு எந்த நாளில் வண்டி விடுவது என்று தெரியும், இரண்டு வசூலை ஒரே நடையில் முடிக்கவும் தோன்றும். மலையில் கடை நடத்தச் சமவெளியைவிட அதிகம் செலவாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அதிகம் என்று ரூபாயில் சொல்லமுடிந்தால்தான் மொத்த வியாபாரியிடமும் சேகோ ஆலையிடமும் விலை பேசலாம். நல்ல சாலை வேண்டும் என்று அரசிடம் கேட்கும்போதும் அந்த நோட்டையே நீட்டலாம்.